மாமா உட்கார்ந்த இடங்கள்

எங்கள் மாமா ஒருமுறைகூட விழுந்தது கிடையாது. இதை அவரே சொல்லுவார். காரைக்கால்மேட்டுக் கடற்கரையில், கோயில் பிரகாரத்தில், பஸ் ஸ்டாண்டில், பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் என்று அவர் திடீர் திடீரென்று தரைக்குப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் அவர் விழவில்லை, உட்கார்ந்தார். உட்காருவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. உடம்பு தரையைத் தொடுவதற்கு முன்பே அந்தக் காரணம் வாயில் தயாராக இருக்கும். கோழிக்கூண்டு உடைந்த அன்று, கோழிகள் நாலாபக்கமும் சிதறி ஓட, நொறுங்கிய பலகைகளுக்கு நடுவே சம்மணம் போட்டதுபோல் இருந்துகொண்டு, "இந்தக் கூண்டு ஒரு நாய் மோதுனா தாங்காதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். இப்ப தெரிஞ்சிட்டு பாருங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் புதுக் கூண்டு வாங்கினார்.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த தெரு. கரைக்கு வரும் மீனை ஏலம் விடுவது அவர் தொழில். இப்போது செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு வேண்டிய பக்கமெல்லாம் திரும்புகிறார், பார்ப்பதற்கே சப்பென்று இருக்கிறது. நான் சொல்லப்போவது பழைய மாமாவை. இடது முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்துபோய், அது அறுந்தது என்றே தெரியாமல் கொஞ்ச காலமும், தெரிந்தும் ஒப்புக்கொள்ளாமல் மிச்ச காலமும் ஓட்டிய மாமாவை.

இளவட்டத்தில் அவர்தான் எங்கள் ஊர்க் கபடி டீமுக்கு உயிர். கருக்களாச்சேரி மணலில் ஒரு மாட்ச். ஆட்டம் முடியப்போகிற நேரம். மாமா பாடிக்கொண்டு போனார், ஒருவனைத் தொட்டார், நடுக்கோட்டுக்குத் திரும்புவதற்காக இடது காலை ஊன்றிச் சட்டென்று வலப்பக்கம் சுழன்றார். பாதம் மணலில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். எதிர் டீமில் ஒருவனும் அவரைத் தொடவில்லை. அதை மட்டும் அவர் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாகச் சாய்ந்தார். சாய்ந்த கை நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. மாட்ச் எங்கள் ஊருக்கு.

அதைப் பாய்ச்சல் என்று கூட்டம் நினைத்துவிட்டது. அப்படி ஒரு பாய்ச்சலை அந்தக் கடற்கரை பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தோளில் இருந்தவருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் இத்தனை பேர் கைதட்டுகிற நேரத்தில் 'வலிக்குது, இறக்கி விடுங்கடா' என்று எந்த ஆம்பளை சொல்லுவான்? மாமா சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கையசைத்தார். அவருடைய கோளாறு முழுவதும் அந்தத் தோளின் மேல்தான் ஆரம்பித்தது என்பது என் கட்சி. முதல் விழுதலுக்கே கைதட்டல் வாங்கிவிட்ட மனிதர், அதற்குப் பிறகு விழுந்ததை விழுந்தேன் என்று எப்படிச் சொல்லுவார்?

சாயங்காலத்துக்குள் முழங்கால் இளநீர்க்காய் கணக்காக வீங்கிவிட்டது. மறுநாள் உச்சிவெயிலில் கடற்கரையில் இடுப்பளவு குழி தோண்டி, அதில் அவரை இறக்கி நிற்க வைத்து, சுடுமணலை அள்ளிப் போட்டு மூடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கோ மார்பளவு சிலை வைத்ததுபோல் இருந்ததாம். சிலை சும்மா இருக்கவில்லை, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு மாட்ச் கதையைச் சொன்னது. அப்புறம் உளுந்துமாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வடிந்தது, வலியும் போனது. மாமா நேராக நடந்தார், நேராக ஓடியும் காட்டினார். குணமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். நேராகப் போகிறவரைக்கும் அது நல்ல கால்தான். திரும்பினால்தான் வினை.

முழங்காலில் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிற கயிறு அந்த ஜவ்வு. அது இல்லாதபோது காலை ஊன்றித் திரும்பினால் கீழ் எலும்பு நழுவிக்கொண்டு முன்னால் வரும், ஆள் கீழே வருவார். இதெல்லாம் டாக்டர்கள் சொல்லி நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. மாமா அனுபவத்திலேயே தெரிந்துகொண்டு, நின்ற இடத்தில் வலப்பக்கம் திரும்புவதை அடியோடு விட்டுவிட்டார். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரி ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு எப்படி வளையுமோ, அப்படி வளைவார். பின்னாலிருந்து "மாமா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படியே முன்னால் போய், எதிர்வீட்டு வாசலைத் தொட்டு ஒரு பெரிய வட்டம் அடித்து, முகம் நம் பக்கம் வந்து சேர்ந்த பிறகு, "என்ன புள்ள?" என்பார்.

நாங்கள் அதற்காகவே கூப்பிடுவோம். அவர் வட்டத்தை முடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது எங்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

"சும்மாதான் மாமா கூப்புட்டோம்."

"சும்மா கூப்புட்டா சும்மா வரக்கூடாதா? நல்லா கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு வட்டம் போட்டுக்கொண்டு போவார்.

கோயிலில்தான் சிக்கல். சாமியை வலம் வந்தால் மூலைக்கு மூலை வலப்பக்கம் திரும்பியாக வேண்டும், அங்கே லாரி வளைய இடம் கிடையாது. மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மூலை வந்ததும் நிற்பார். கண்ணை மூடிக் கைகூப்புவார். வாய் ஏதோ முணுமுணுக்கும். அதற்குள் வேட்டிக்குக் கீழே பாதங்கள் இரண்டும் துளித்துளியாக நகர்ந்து, முழு உடம்பையும் திருப்பிவிடும். அப்புறம் கண்ணைத் திறந்து நடப்பார். அப்படி அவர் நின்ற மூலை ஒன்றில் சாமியே கிடையாது, ஒரு தண்ணீர்க்குழாய்தான் இருந்தது. அவர் அதன் முன்னால் உருகுவதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் குழாயைக் கும்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் யாரோ ஒரு புண்ணியவதி அங்கே அகல் விளக்கும் ஏற்றி வைத்துவிட்டாள். அதைப் பார்த்த அன்று மாமாவுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. "தண்ணியும் தெய்வந்தான புள்ள" என்றார்.

"கால் போனதாலயா மாமா கடலுக்குப் போறத வுட்டீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கடல்ல காலுக்கு என்ன வேல? படகு ஆடுது, எல்லாருந்தான் ஆடுறான். நான் ஆடுறது மட்டும் தனியாவா தெரியும்? ஏலம் வுட சத்தமா ஒரு ஆளு வேணும்னு ஊரு கூப்புட்டுச்சு, வந்தேன்."

நடந்தது அத்தைக்குத் தெரியும். ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டபோது முழங்கால் விட்டுவிட்டது. மாமா வலையோடு வலையாகக் கடலுக்குள் போய்விட்டார். கூட இருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அத்தை ஆடிய ஆட்டத்தில் மாமாவின் கடல் தொழில் முடிந்தது. இதே கதையை மாமாவும் சொல்லுவார். அவர் கதையில் வலையில் ஒரு ஆமை மாட்டியிருந்தது, அதை விடுவிக்க அவர் குதித்தார். சொல்லச் சொல்ல ஆமை பெரிதாகிக்கொண்டே போனது.

ஏலத்துக்கு வந்த பிறகு அவர் பெயர் இன்னும் ஏறியது. ஒருநாள் கானாங்கெளுத்தி மீனைப் பெரிய குவியலாகக் கொட்டி வைத்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடைக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. ஏல வேகத்தில் மாமா தன்னை மறந்து சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த நொடி மீன் குவியலின் நடுவே இருந்தார். மீன்கள் நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடின. எல்லாரும் வாயைப் பிளந்து நிற்க, அவர் ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரித்து உயர்த்திக் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க, என்னா செவப்பு. இது நின்னுகிட்டு பாக்குற மீனா? அதான் உக்காந்துட்டேன். ம், கேளுங்க மேல."

விலை மளமளவென்று ஏறியது. கொஞ்ச நாள் கழித்துச் சங்கரா மீனில் உட்கார்ந்தார், அதுவும் நல்ல மீனாக அமைந்து தொலைத்தது. அவ்வளவுதான், மாமா உட்கார்ந்த மீன் நல்ல மீன் என்று கரையில் ஒரு நம்பிக்கை கிளம்பிவிட்டது. அவர் எந்தக் குவியலில் உட்காருகிறாரோ அதற்குக் கூடைக்காரப் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். படகுக்காரர்கள் காலையிலேயே வந்து, "அண்ணே, இன்னைக்கு நம்ம மீனுல கொஞ்சம் உக்காந்து குடுங்க" என்று கெஞ்சினார்கள்.

"கேட்டா உக்கார மாட்டேன். மீனு கூப்புடணும்" என்று மாமா கறாராகச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு அத்தை அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை இழுப்பறை மாதிரி அது பாட்டுக்கு முன்னால் வந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. ஜவ்வு அறுந்து வருடக்கணக்காகிறது, இப்படியே விட்டால் மூட்டு தேய்ந்துபோகும், ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்று வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள்.

"இழுத்தா வருதுன்னு சொல்றாரு. இழுத்தா வரத்தான செய்யும்? வலைய இழுத்தா வரல?"

வாசலே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அறுந்த கால் சும்மா கிடக்குமா? வருடம் ஏற ஏற அது புதுப் புது வித்தைகளைக் கற்றுக்கொண்டது. எலும்பு நழுவுகிற ஒவ்வொரு தடவையும் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்திருக்கிறது. கிழிந்த துண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டால், கால் மடங்கியது மடங்கியபடி பூட்டிக்கொள்ளும். முதன்முதலாக அது பூட்டிக்கொண்டது என் கல்யாணத்தில்.

வரவேற்பு மேடையில் எங்கள் குடும்பத்துப் போட்டோ. முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் குனியுங்கள் என்று போட்டோக்காரர் சொன்னார். மாமா முழங்காலை மடக்கிக் குனிந்தார். போட்டோ முடிந்து எல்லாரும் இறங்கிப் போனார்கள், மாமா போகவில்லை. என் கணவரின் ஆபீஸ்காரர்கள் ஏறினார்கள், மாமா அங்கேயே இருந்தார். அரை மண்டியில், இரண்டு கையையும் லேசாக விரித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி.

நான் உதடு அசையாமல் கேட்டேன். "மாமா, என்ன ஆச்சு?"

அவரும் உதடு அசையாமல் சொன்னார். "பூட்டிக்கிச்சு புள்ள. நீ சிரி, எடுக்குறான் பாரு."

என் கல்யாண ஆல்பத்தை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். என் கல்லூரித் தோழிகளோடு மாமா, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்களோடு மாமா, சமையல் கோஷ்டியோடு மாமா, யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தோடு மாமா. எல்லாவற்றிலும் ஒரே குனிவு, ஒரே சிரிப்பு. "யாரும்மா அந்தப் பெரியவரு? ஒம்மேல உசுரையே வச்சிருப்பாரு போலருக்கே" என்று என் மாமியார் கண்கலங்கினார். கூட்டம் சாப்பிடப் போனபோது மாமா காலை மெல்ல உதறினார். டக்கென்று பூட்டு விட்டது. மேடையில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பிக்கொண்டு, "பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு ஆளாவது கடைசி வரைக்கும் நிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சிரிப்பை அடக்கப் பார்த்து என் நெற்றிச்சுட்டியே கழன்றுவிட்டது.

இப்படி அவரை வைத்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஆனால் வீட்டுக்குள் அத்தை பார்த்த மாமா வேறு. எங்கள் கரையில் கைலியை மடித்துக் கட்டாத ஆண்பிள்ளை கிடையாது. மாமா மட்டும் கணுக்கால் வரை தழையத் தழையக் கட்டுவார். மரியாதைக்காரர் என்று ஊரில் அதற்கும் ஒரு பெயர். ஒருமுறை லீவில் போயிருந்தபோது, அத்தை அவருக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். இடது தொடை வலது தொடையில் பாதிதான் இருந்தது. முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்து, எலும்பு முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தது. அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "ஒங்க அத்தைக்குப் பொழுது போவல" என்றார்.

"இஞ்சேருங்க, பேசாம படுங்க" என்று அத்தை சொன்ன குரலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், தர்ஷினி. பேச்சும் சிரிப்பும் அப்படியே மாமா, கபடியும்தான். கல்லூரி டீமில் அவள் பாடிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கத்துக்குக் கிலி பிடிக்கும். அந்த முழங்காலை மாமா அவளுக்குக் காட்டியதே இல்லை, ஆனால் அப்பா உட்கார்ந்த கதைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தோழிகளிடம் அவற்றை நடித்தே காட்டுவாள். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஓர் அப்பா இல்லை என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. பயிற்சியில் ஒருநாள் அவளும் ஒரு காலை ஊன்றித் திரும்பினாள். டப்.

ஸ்கேனில் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. டாக்டரிடம் பேச ஆள் வேண்டும் என்று அத்தை என்னைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தாள். நான், மாமா, தர்ஷினி மூன்று பேரும் எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தால் மறுபடி ஆடலாம் என்றார் டாக்டர். தர்ஷினி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் மாநில டீமுக்கான தேர்வு இருந்தது.

"நான் நல்லா ஓடுறேன் டாக்டர். நேத்துகூட ஓடிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல."

"நேரா ஓடுனா தெரியாதும்மா. கபடில யாரு நேரா ஓடுறாங்க? இந்தக் காலோட ஆடுனா ஒவ்வொரு தடவ நழுவுறப்பவும் உள்ள கொஞ்சம் கிழியும். கொஞ்ச வருசத்துல எலும்பும் எலும்பும் உரசும். நாப்பது வயசுல ஒனக்கு எழுபது வயசு முட்டி இருக்கும்."

தர்ஷினி சிரித்தாள். "எங்க அப்பாவுக்கு இதேதான் டாக்டர். கபடில போனதுதான். ஆபரேஷனும் பண்ணல, ஒண்ணும் பண்ணல. மணல்ல பொதச்சு கட்டுப் போட்டாங்க, அவ்ளோதான். எவ்ளோ ஜாலியா இருக்காங்க, அவங்களையே கேளுங்க."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது, சொல்லித் தொலையுங்கள் மாமா என்று கத்தலாம்போல் இருந்தது. மாமா தொண்டையைச் செருமினார், கைலியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் கதைய வுடுங்க டாக்டர். எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க புள்ளைக்குப் பண்ணிடுங்க."

"நல்லாத்தான இருக்கு? அப்ப எனக்கு மட்டும் எதுக்குப்பா?" என்றாள் தர்ஷினி.

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் எங்களை அனுப்பிவிட்டார். தர்ஷினி எதையும் யோசிக்கப் போவதில்லை என்று அவள் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது.

வெளியே நீள வராந்தா, வழவழவென்று டைல்ஸ். மருந்து வாங்க நிற்கிறவர்களும் சீட்டுக்குக் காத்திருக்கிறவர்களுமாக நல்ல கூட்டம். தர்ஷினி முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு வந்தார், அவர் நினைப்பு இங்கே இல்லை. அப்போது நர்ஸ் பின்னாலிருந்து, "ஐயா, ஸ்கேன் கவர விட்டுட்டுப் போறீங்களே" என்று கூப்பிட்டார். மாமா வட்டம் போடவில்லை. நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பினார்.

விழுந்த சத்தம் வராந்தா முழுவதும் கேட்டது. அவர் கையிலிருந்த வாழைப்பழப் பை ஒரு பக்கம் பறந்தது. ஐயோ என்று ஜனங்கள் ஓடிவந்தார்கள். தர்ஷினி கையை விரித்து அவர்களை நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க. எங்க அப்பா விழல, உக்காருறாங்க. எப்பயும் இப்படித்தான். இப்ப எதுக்குன்னு சொல்லுவாங்க பாருங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். சிலர் அதற்குள் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அவருக்காக ஒரு காரணத்தைத் தேடினேன். பழம் சிதறிக் கிடந்தது. டைல்ஸ் புதிது. பெஞ்சுக்கு அடியில் யாரோ ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது, மாமாவுக்கு அது ஒன்றே போதும். மாமா தலையை நிமிர்த்தி எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"இல்ல பாப்பா. விழுந்துட்டேன்."

"வெளயாடாதீங்கப்பா."

"வெளயாடல. கால் வுட்டுட்டு. எப்பயுமே அது வுட்டுச்சு, நான் விழுந்தேன். நானா ஒரு தடவகூட உக்காரல."

தர்ஷினியின் சிரிப்பு பாதியில் நின்றது. மாமா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். ஏலம் விடுகிற குரல் எங்கோ போய்விட்டது.

"நீ பொறந்தப்ப நர்ஸம்மா ஒன்னய கொண்டாந்து குடுத்துச்சு. நான் உக்காந்துகிட்டுதான் வாங்குனேன். அதுக்கப்புறமும் ஒன்னய தூக்கிக்கிட்டு ஒரு எட்டு நடந்தது கெடயாது. எங்க கால் வுட்டு ஒன்னய கீழ போட்டுருவனோன்னு. நீ அழுதா ஒங்க அம்மாவ கூப்புட்டுத்தான் தூக்கச் சொல்லுவேன். தேரு பாக்க எல்லா அப்பனும் புள்ளைய தோள்ல வச்சுக்கிட்டு நிப்பானுவோ. நான் ஒனக்கு நாக்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டு, அது மேல ஏறி நிக்கச் சொன்னேன்."

அந்த நாற்காலி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர் பார்க்க மகளுக்குத் தனி நாற்காலி போடுகிற ஜம்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் கேலி பேசியிருக்கிறோம்.

"எனக்குக் கால் நல்லா இல்ல பாப்பா" என்றார் மாமா. அப்புறம் கையை நீட்டினார். "என்னயத் தூக்கி வுடுங்க. எனக்கு எந்திரிக்க முடியல."

நாங்கள் யாரும் அசையவில்லை. மனம் இல்லாமல் இல்லை, தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அத்தையைத் தவிர அவர் யாரையும் தொடவிட்டதில்லை. அவர் தரைக்குப் போவார், நாங்கள் சிரிப்போம், நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் எப்படியோ எழுந்துவிடுவார். எந்தக் காலைத் தொடலாம், எங்கே பிடித்தால் வலிக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அவர் தோளைத் தொட்டேன், பிறகு முழங்கையைத் தொட்டேன், எதையும் பிடிக்காமல் நின்றேன்.

தர்ஷினிதான் போனாள். கட்டுப் போட்ட காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் இறங்கினாள்.

"கழுத்துல கையப் போடுங்கப்பா."

மாமா போட்டார். அவள் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். கவரோடு ஓடிவந்த நர்ஸ் பதறிப்போய், "ஏம்மா, நீ தூக்காத. ஒனக்கே ஜவ்வு அறுந்து கெடக்கு" என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன் சிஸ்டர், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் தர்ஷினி. "இப்ப அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க, எங்க அப்பாவ தூக்கணும்."